வரைபடங்களில் கோட்டின் பொறுப்பு

வளர்ச்சிப் பணிகளைப் பற்றிய அறிக்கைகளில் இடம் பெறும் புள்ளிவிவர அட்டவணைகளை முழுமையாகப் படிப்போர் மிகச் சிலரே. எஞ்சியோர் அட்டவணைக்கு அருகில் அச்சிடப்பட்டுள்ள வரைபடத்தைப் பார்த்தே விலை ஏறிற்றா, விளைச்சல் குறைந்ததா என்ற முடிவுக்கு வருகின்றனர். அட்டவணையில் ஓர் எண் தவறாக இருப்பின் அதைச் சரிபார்ப்பதற்கு எந்த அலுவலகத்திலும் மூவர் இருப்பர். வரைபடத்தில் ஒரு கோடு அரை மில்லிமீட்டர் உயர்ந்து நின்றால் அதைக் கேட்பார் எவருமில்லை.

முன்னாளில் இப்பணியை டிராஃப்ட்ஸ்மேன் எனப்பட்ட வரைவாளர்கள் செய்து வந்தனர். எந்தக் கோட்டை எந்தப் பேனாவால் வரைய வேண்டும், எங்கே விட்டுவிட்டு வரைய வேண்டும் என்பது அவர்களது தொழிற்பயிற்சியின் ஒரு பகுதி. இன்று அப்பதவிகள் பல அலுவலகங்களில் மறைந்துவிட்டன. புள்ளிவிவரத்தைத் தொகுக்கும் உதவியாளரே கணிப்பொறியில் வரைபடத்தையும் அமைத்து அச்சகத்துக்கு அனுப்பிவிடுகிறார். கோட்டின் தடிப்பு, முனை, மூலை, இடைவெளி ஆகியவற்றை அவர் தீர்மானிப்பதில்லை. அவருக்காக மென்பொருள் தீர்மானித்துவிடுகிறது. அம்மென்பொருளை இயற்றியவர்கள் வெங்காய விலையையோ மாவட்ட எல்லையையோ மனத்திற் கொண்டு அதனை அமைக்கவில்லை என்பதை நாம் நினைவிற் கொள்ளுதல் நலம்.

வெக்டர் முறையில் கோடு

புகைப்படம் எண்ணற்ற புள்ளிகளால் ஆனது. வெக்டர் முறையில் வரையப்படும் படமோ, இந்த இடத்திலிருந்து அந்த இடத்துக்கு இந்த வளைவுடன் செல்க என்னும் கட்டளைகளால் ஆனது. அக்கட்டளை குறிக்கும் பாதைக்குத் தடிப்பு கிடையாது. பள்ளியில் நாம் கற்ற வடிவ கணிதத்தில் கோட்டுக்கு நீளமுண்டு, அகலமில்லை என்றார்களே, அது போன்றதே இது. கண்ணுக்குப் புலப்பட வேண்டுமாயின் அப்பாதையின் மீது மை பூச வேண்டும். இந்த மைப் பூச்சினையே மென்பொருள்கள் ஸ்ட்ரோக் என்றும் அவுட்லைன் என்றும் அழைக்கின்றன. நாம் வெளிக்கோடு எனலாம். பாதையால் சூழப்பட்ட உட்பகுதிக்கு இடும் வண்ணம் நிரப்பு எனப்படும்.

1984-ஆம் ஆண்டு அடோபி நிறுவனம் வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் பக்க விவரிப்பு மொழியில், வெளிக்கோட்டின் தன்மையைக் கட்டுப்படுத்துவதற்கு ஐந்து கட்டளைகள் அமைந்தன: தடிப்பு, முனையின் வடிவம், மூலையின் வடிவம், கூர்மூலைக்கு ஓர் உச்சவரம்பு, விட்டுவிட்டு வரையும் முறை. 1987-இல் வெளிவந்த இல்லஸ்ட்ரேட்டர், 1989-இல் வெளிவந்த கோரல்டிரா, 2001-இல் உலகளாவிய வலை அமைப்பு பரிந்துரையாக ஏற்றுக்கொண்ட எஸ்.வி.ஜி. கோப்பு முறை, அதனை அடிப்படையாகக் கொண்டு 2003-இல் தோன்றிய இங்க்ஸ்கேப் ஆகிய அனைத்திலும் இந்த ஐந்து தன்மைகளையே காண்கிறோம். பெயர்களும் பொத்தான்களும் வேறுபடலாம். ஒன்றில் கற்றது மற்றொன்றிலும் பயன்படும்.

இக்கட்டுரையில் கூறப்படுவன பெரும்பாலும் இங்க்ஸ்கேப் மென்பொருளைத் தழுவியவை. அது கட்டணமின்றிக் கிடைப்பது. அதன் மூல நிரலும் திறந்த நிலையில் உள்ளது. திறந்த மூல மென்பொருளை அரசு அலுவலகங்களில் விரும்பி ஏற்பதற்கான கொள்கையை மத்திய அரசு 2015-இல் வெளியிட்டது. எனினும் நாட்டின் சிற்றூர்கள் வரை பரவியுள்ள டி.டி.பி. நிலையங்களில் கோரல்டிராவின் செல்வாக்கே மிகுதி. அதில் எஃப்12 விசையை அழுத்தினால் வெளிக்கோட்டுப் பேனாவின் பெட்டி திறக்கும். இங்க்ஸ்கேப்பில் கன்ட்ரோல், ஷிஃப்ட் ஆகிய விசைகளுடன் எஃப் விசையை அழுத்தினால் நிரப்புக்கும் வெளிக்கோட்டுக்கும் உரிய பலகம் திறக்கும். அதில் மூன்று பிரிவுகள் உள்ளன. முதற்பிரிவு உள்நிரப்பின் வண்ணத்துக்கும், இரண்டாவது வெளிக்கோட்டின் வண்ணத்துக்கும் உரியவை. மூன்றாவதே கோட்டின் தன்மைக்குரியது. நாம் கவனிக்க வேண்டியதும் அதுவே.

பட்டையின் உயரம்

முதலில் பட்டை வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். வெளிக்கோடு பாதையின் மீது நடுவாக அமர்கிறது. அதன் பாதித் தடிப்பு பாதைக்கு உள்ளேயும் மறுபாதி வெளியேயும் விழுகிறது. எஸ்.வி.ஜி. முறையில் இதுவே இயல்பு. இதன் விளைவு என்ன?

ஒரு மாவட்டத்தில் 400 கிணறுகளும் மற்றொன்றில் 40 கிணறுகளும் தோண்டப்பட்டன எனக் கொள்வோம். ஒரு மில்லிமீட்டருக்குப் பத்துக் கிணறுகள் என்ற அளவில் முதற்பட்டை 40 மி.மீ., இரண்டாவது பட்டை 4 மி.மீ. உயரம் பெறும். இரண்டுக்கும் 1 மி.மீ. தடிப்பில் கறுப்பு வெளிக்கோடு இட்டால், அடிக்கோட்டிலிருந்து அளக்கும்போது அவை 40.5 மி.மீ., 4.5 மி.மீ. உயரமாகத் தோன்றும். பெரிய பட்டைக்கு ஒன்றேகால் விழுக்காடு கூடுதல். சிறிய பட்டைக்கோ பன்னிரண்டரை விழுக்காடு. பத்துக்கு ஒன்றாக இருந்த விகிதம் ஒன்பதுக்கு ஒன்றாக மாறிவிடுகிறது. பின்தங்கிய மாவட்டம் தான் செய்யாத பணிக்கும் பெயர் பெறுகிறது! எவரும் பொய் எழுதவில்லை. எண்களும் சரியாகவே உள்ளன. அழகுக்காக இட்ட கோடு செய்த வேலை இது.

பட்டைகளுக்கு வெளிக்கோடே இல்லாமல் நிரப்பு மட்டும் இடுவது இதற்கு எளிய மாற்று. பலகத்தின் இரண்டாம் பிரிவில் பெருக்கற்குறி போன்றுள்ள பொத்தானை அழுத்தினால் வெளிக்கோடு நீங்கும். இங்க்ஸ்கேப்பின் விருப்பத் தேர்வுகளில் மற்றொன்றையும் காணலாம். ஒரு பொருளின் அளவைக் கண்ணுக்குத் தெரியும் எல்லையைக் கொண்டு கணக்கிடுவதா, வெளிக்கோட்டை நீக்கிப் பாதையை மட்டும் கொண்டு கணக்கிடுவதா என்பதே அது. முன்னதைத் தேர்ந்தால், உயரம் 4 மி.மீ. என்று தட்டச்சு செய்ததும் கோட்டையும் சேர்த்து 4 மி.மீ. ஆக அமையும். ஆனால் பின்னர் கோட்டின் தடிப்பை மாற்றினால் உயரமும் மாறிவிடும். ஒரே வரைபடத்தின் பட்டைகளை இருவர் இருவேறு தேர்வுகளுடன் திருத்தினால் குழப்பத்துக்குக் கேட்க வேண்டியதில்லை. வெளிக்கோட்டை நீக்கிவிடும் முறையையே நான் பரிந்துரைப்பேன்.

விலையின் உச்சி

கோட்டு வரைபடத்தில் நேரும் பிழை இதனினும் நுட்பமானது. இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

இரு கோடுகள் சந்திக்கும் மூலையை மூன்று வகையில் முடிக்கலாம். இரண்டின் வெளி ஓரங்களையும் நீட்டிக் கூர்முனையாகச் சேர்ப்பது மைட்டர் என்னும் கூர்மூலை. வட்டமாக முடிப்பது ரவுண்ட். முனையை மழுக்கி வெட்டிவிடுவது பெவல். தனியே எதனையும் தேர்ந்தெடுக்காத இடத்து, எஸ்.வி.ஜி. முறை கூர்மூலையையே அளிக்கிறது. செங்கோண மூலைகளுக்கு இது அழகாகவே இருக்கும். கோணம் குறுகக் குறுகக் கூர்முனை நீண்டு கொண்டே போகும். அதற்கு ஒரு முடிவு வேண்டுமன்றோ? அதற்காகவே உச்சவரம்பு ஒன்று வைக்கப்பட்டுள்ளது. மூலையின் உட்புறத்திலிருந்து வெளிமுனை வரையுள்ள நீளம் கோட்டின் தடிப்பைப் போல் இத்தனை மடங்குக்கு மேல் போகலாகாது என்பது வரம்பு. போஸ்ட்ஸ்கிரிப்டில் இது 10 மடங்கு, எஸ்.வி.ஜி. முறையில் 4 மடங்கு. வரம்பைத் தாண்டினால் மென்பொருள் கூர்முனையைச் சிறிது சிறிதாகக் குறைப்பதில்லை. அடியோடு வெட்டி மழுங்கலாக்கிவிடுகிறது. கணக்கிட்டுப் பார்த்தால் 4 மடங்கு வரம்புக்கு உரிய கோணம் சுமார் 29 பாகை. 10 மடங்குக்குச் சுமார் 11.5 பாகை.

வெங்காயத்தின் மாத விலையைக் காட்டும் வரைபடம் ஒன்றில் இதைப் பொருத்திப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்கு 2 ரூபாய். கோட்டின் தடிப்பு 1 மி.மீ. எனக் கொள்வோம். ஓராண்டில் விலை விரைந்து ஏறி விரைந்து இறங்கியதால் உச்சியில் 30 பாகைக் கோணம் அமைகிறது. மற்றோர் ஆண்டில் ஏற்றமும் இறக்கமும் இன்னும் சற்றுச் செங்குத்தாக இருந்து 28 பாகைக் கோணம் அமைகிறது. இரு உச்சிகளிலும் விலை ஒன்றே எனவும், இருபுறச் சரிவும் சமமெனவும் வைத்துக்கொள்வோம். முதல் உச்சியில் கூர்முனை உண்மையான புள்ளிக்கு மேல் ஏறத்தாழ 1.9 மி.மீ. உயர்ந்து நிற்கும், அதாவது ஏறத்தாழ 4 ரூபாய் பொய் உயர்வு. இரண்டாவது உச்சி வரம்பைத் தாண்டிவிட்டதால் வெட்டப்பட்டு, புள்ளிக்கு மேல் 0.12 மி.மீ. மட்டுமே நிற்கும், அது கால் ரூபாய்க்குச் சமம். விலை சமமாக இருந்த இரு ஆண்டுகளில் ஒன்று மற்றதைவிடக் கடுமையானதாகத் தோன்றுகிறது. அதிலும் எந்த ஆண்டில் விலை செங்குத்தாக ஏறிற்றோ அந்த ஆண்டே தாழ்ந்து தெரிகிறது. பொருளியல் மாணவன் ஒருவன் இதைக் கண்டு ஒரு கோட்பாட்டையே இயற்றிவிடக்கூடும்.

வட்ட மூலையைத் தேர்ந்தெடுத்தால் எந்தக் கோணமாயினும் உச்சிக்கு மேல் பாதித் தடிப்பு மட்டுமே நிற்கும். மேற்கண்ட வரைபடத்தில் அது இரு உச்சிகளுக்கும் ஒரே அளவான 0.5 மி.மீ. ஆகும். எனவே புள்ளிவிவரக் கோடுகளுக்கு வட்ட மூலையே ஏற்றது. கோட்டையும் மெல்லியதாக்கினால் அந்த மிகையும் புறக்கணிக்கத்தக்கதாகும். மூலைக்குரிய மூன்று பொத்தான்களும் மூன்றாம் பிரிவில் அடுத்தடுத்து உள்ளன. ஒரே ஒரு சொடுக்கில் முடியும் வேலை.

முனையும் இடைவெளியும்

கோடு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் முனைக்கு மூன்று வடிவங்கள் உண்டு. பாதை முடியும் இடத்திலேயே நறுக்கி நிறுத்துவது பட் முனை. பாதித் தடிப்பு அளவுக்கு அப்பால் வட்டமாக நீள்வது ரவுண்ட். அதே அளவுக்குச் சதுரமாக நீள்வது ஸ்கொயர். முழுக்கோட்டில் இதனால் பெருங்கேடு எதுவுமில்லை. விட்டுவிட்டு வரையும் கோட்டில்தான் இதன் விளைவு தெரியும், ஏனெனில் முனையின் வடிவம் ஒவ்வொரு சிறு கோட்டுக்கும் தனித்தனியே சேர்க்கப்படுகிறது.

நம் அறிக்கைகளில் முழுக்கோடு நடந்து முடிந்ததைக் குறிக்கும். இடைவிட்ட கோடு மதிப்பீட்டை அல்லது எதிர்பார்ப்பைக் குறிக்கும். வரவு செலவுத் திட்ட ஆவணங்களைப் பார்ப்போர் உண்மைச் செலவு, திருத்திய மதிப்பீடு, வரவு செலவுத் திட்ட மதிப்பீடு என்ற வேறுபாட்டை அறிவர். நாட்டு வருமானப் புள்ளிவிவரங்களிலும் முன் மதிப்பீடு, தற்காலிக மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு எனப் படிகள் உள்ளன. எழுத்தில் இத்துணைக் கவனத்துடன் பிரித்துக் கூறுவதை வரைபடத்தில் ஓர் இடைவெளிதான் காக்கிறது. சிறு கோட்டின் நீளம் 3, இடைவெளி 1, தடிப்பு 1 என அமைத்து வட்ட முனையையும் தேர்ந்துவிட்டால் இருபுறமும் அரை அரையாக நீண்டு இடைவெளி அடைபட்டுவிடும். எதிர்பார்ப்பு நிறைவேறிய சாதனையாக அச்சேறிவிடும். இடைவிட்ட கோட்டுக்குப் பட் முனையையே வைக்க வேண்டும். அல்லது இடைவெளியைத் தடிப்பைப் போல் மும்மடங்காவது விட வேண்டும்.

இடைவெளி முறையை எண்களாலும் குறிப்பிடலாம். 6, 2 என்றால் ஆறு அலகு கோடும் இரண்டு அலகு இடைவெளியும் மாறி மாறி வரும். 6, 2, 1, 2 என்றால் நீண்ட கோடும் குறுங்கோடும் மாறி மாறி வரும். எண்களின் தொகை ஒற்றைப்படையாக இருப்பின் எஸ்.வி.ஜி. முறை அதனை இருமுறை அடுக்கி இரட்டைப்படையாக்கிக் கொள்கிறது. 5, 3, 2 என்பது 5, 3, 2, 5, 3, 2 ஆகும். கோட்டின் நீளத்தைச் சுழியமாகவும் முனையை வட்டமாகவும் வைத்தால் வட்டப் புள்ளிகளின் வரிசை கிடைக்கும். முன்பு குற்றமாகக் கூறிய வட்ட முனை இங்கே உதவியாகிறது.

வண்ணத்தை வைத்தே கோடுகளை வேறுபடுத்தலாமே, இவ்வளவு தொல்லை எதற்கு என்று சிலர் கேட்பர். வட்டார வளர்ச்சி அலுவலகங்களுக்கு அறிக்கை சென்றடைவது பல வேளைகளில் ஒளிநகலாகத்தான். கறுப்பு வெள்ளை நகலில் சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத பார்வையுடையோரும் நம்மிடையே உள்ளனர். வண்ணம் இருக்கட்டும்; அதனுடன் கோட்டின் முறையும் வேறுபடட்டும்.

மாவட்ட எல்லைகள்

நிலப்படங்களில் கோட்டின் பொறுப்பு இன்னும் பெரிது. 1767-இல் தோன்றிய இந்திய நில அளவைத் துறையின் படங்களில் நாட்டு எல்லை, மாநில எல்லை, மாவட்ட எல்லை ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறியீடுகள் வரையறுக்கப்பட்டுள்ளன. அத்துறை வெளியிட்ட படத்துக்கு முரணான இந்தியப் படத்தை வெளியிடுவது, 1990-இல் திருத்தப்பெற்ற 1961-ஆம் ஆண்டுக் குற்றவியல் சட்டத் திருத்தச் சட்டத்தின்படி தண்டனைக்குரியது. ஆகவே எல்லையை நாமே கண்ணளவில் வரைவதோ, வலையில் கிடைத்த ஏதோ ஒரு படத்தின் மீது ஒற்றி எடுப்பதோ கூடாது. அத்துறையின் எல்லைக்கோட்டையே பெற்று, தன்மையை மட்டும் நாம் அமைத்துக்கொள்ள வேண்டும்.

இங்கே பழக்கப்பட்டோரையும் ஏமாற்றும் சிக்கல் ஒன்று உண்டு. புவியியல் தகவல் மென்பொருளிலிருந்து வெக்டர் கோப்பாக எடுக்கப்படும் படத்தில் ஒவ்வொரு மாவட்டமும் தனித்தனி மூடிய உருவமாக இருக்கும். அருகருகே உள்ள இரு மாவட்டங்களின் பொது எல்லை, இரண்டு உருவங்களிலும் ஒவ்வொரு முறை, ஆக இருமுறை வரையப்படும். முழுக்கோடாயின் ஒன்றன் மீது ஒன்று படிந்து வேறுபாடு தெரியாது. இடைவிட்ட கோடாயின் இரு உருவங்களும் வேறு வேறு இடங்களில் தொடங்குவதால், ஒன்றின் இடைவெளியில் மற்றதன் கோடு விழுந்து முழுக்கோடு போலாகும். மாவட்ட எல்லை சில இடங்களில் இடைவிட்டும் சில இடங்களில் முழுதாகவும் தோன்றும். படிப்பவர் அதை மாநில எல்லை என்றோ சாலை என்றோ கொள்வார்.

உருவங்களுக்கு நிரப்பை மட்டும் இட்டு வெளிக்கோட்டை நீக்கிவிட வேண்டும். எல்லைகளைத் தனி அடுக்கில், ஒவ்வொன்றையும் ஒரே முறை, திறந்த கோடாக வரைதல் வேண்டும். மாநில எல்லையும் மாவட்ட எல்லையும் ஒன்றாகச் செல்லும் இடங்களில் உயர்ந்த நிலையிலுள்ள எல்லையின் குறியீட்டை மட்டும் இட வேண்டும். அரை நாள் வேலை கூடும் என்பது உண்மையே. ஒரு முறை செய்து வைத்தால் ஆண்டுதோறும் அதே படத்தைப் பயன்படுத்தலாம்; புதிய மாவட்டம் அமைக்கப்படும்போது அந்த எல்லைகளை மட்டும் மாற்றினாற் போதும்.

கோட்டின் தடிப்புக்கும் நிலத்தில் ஒரு பொருளுண்டு. ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவுடைய படத்தில் அரை மில்லிமீட்டர்க் கோடு 25 மீட்டர் நிலத்தை மறைக்கிறது. பத்து இலட்சத்தில் ஒரு பங்கான படத்தில் அது அரைக் கிலோமீட்டர். நாலாயிரத்தில் ஒரு பங்கான கிராமப் படத்திலும் இரண்டு மீட்டர் மறைந்துவிடுகிறது. கால்வாய் எந்தப் புலத்தின் வழியே செல்கிறது என்ற வழக்கில் இரண்டு மீட்டர் சிறு அளவன்று. அத்தகைய படங்களில் எல்லையானது கோட்டின் நடுவே உள்ளது என்ற குறிப்பை ஓரத்தில் அச்சிடுவது பொருத்தமாக இருக்கும்.

அச்சகத்தில் மறையும் கோடுகள்

திரையிலும் அலுவலக அச்சுப்பொறியிலும் தெளிவாகத் தெரிந்த கோடு, அச்சடித்த நூலில் காணாமற் போவது அடிக்கடி நேர்வது. நான் பணியாற்றிய அலுவலகம் ஒன்றின் வெளியீட்டில் வட்ட எல்லைகள் அனைத்தும் இவ்வாறு மறைந்தன. பதிப்பு முழுவதும் அச்சான பின்னரே அது தெரிய வந்தது. மறு அச்சுக்கு நிதி இல்லாமையால் திருத்தத் தாள் ஒன்று செருகப்பட்டது.

காரணம் எளிது. போஸ்ட்ஸ்கிரிப்டில் தடிப்பு சுழியம் எனக் கொடுத்தால், அக்கருவியால் வரையக்கூடிய மிக மெல்லிய கோட்டை வரைக என்பது பொருள். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இடும் அலுவலக அச்சுப்பொறியில் அது 0.085 மி.மீ.; கண்ணுக்கு நன்றாகவே தெரியும். அங்குலத்துக்கு 2,400 புள்ளிகள் இடும் அச்சுத்தகட்டுக் கருவியில் அதுவே ஏறத்தாழ 0.01 மி.மீ. ஆகிவிடும். எந்தத் தாளும் அதை ஏற்காது. ஆகவே தடிப்பை எப்போதும் எண்ணால் குறிப்பிட வேண்டும். ஒரு பாயிண்ட் என்பது அங்குலத்தில் 72-இல் ஒரு பங்கு, அதாவது 0.35 மி.மீ. முழுக் கறுப்பில் கால் பாயிண்டுக்குக் குறையாமல் வைப்பது அச்சுத் தொழிலில் வழக்கம். கருநிறத்தின் மீது வெள்ளைக் கோடாக வருவதற்கு அதைப்போல் இரு மடங்கேனும் வேண்டும். மை பரவிக் கோட்டை விழுங்கிவிடும். இரண்டு மூன்று மைகளைக் கலந்து உருவாகும் வண்ணத்தில் மெல்லிய கோட்டை அமைத்தால், தகடுகள் மயிரிழை விலகினும் ஒரு கோடு மூன்று கோடாகும். சாம்பல் நிற மெல்லிய கோடும் நம்பத்தக்கதன்று. அச்சில் சாம்பல் என்பது கறுப்புப் புள்ளிகளே ஆதலால் கோடு சிதைந்து புள்ளிகளாகிவிடும். சாம்பல் வேண்டுமெனத் தோன்றும் இடத்தில் மெல்லிய கறுப்பே போதும்.

இங்க்ஸ்கேப்பில் அளவு பிக்சலில் காட்டப்பட்டால் மில்லிமீட்டருக்கு மாற்றிக்கொள்க. இங்கே ஒரு பிக்சல் என்பது அங்குலத்தில் 96-இல் ஒரு பங்கு. அது பாயிண்டைவிடச் சிறியது.

சிறிதாக்கலும் பெரிதாக்கலும்

பழைய வரைவுப் பேனாக்களின் தடிப்பு 0.25, 0.35, 0.5, 0.7, 1.0 மி.மீ. என்ற வரிசையில் இருந்ததை மூத்தோர் அறிவர். ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் இரண்டின் வர்க்கமூலம் மடங்கு. ஏ3 தாளில் வரைந்ததை ஏ4 தாளுக்குக் குறைத்தால் ஒவ்வொரு கோடும் தனக்கு அடுத்த மெல்லிய பேனாவின் தடிப்பைச் சரியாகப் பெறும். தாளின் அளவையும் பேனாவின் அளவையும் ஒரே கணக்கில் பிணைத்த அந்த அறிவுக்கூர்மையை எண்ணி வியக்காமலிருக்க இயலவில்லை.

மென்பொருளில் இதற்கு ஈடாக ஒரு தேர்வு உண்டு. பொருளைச் சிறிதாக்கும்போது கோட்டின் தடிப்பும் உடன் குறைய வேண்டுமா, அப்படியே நிற்க வேண்டுமா என்பது அது. ஏ1 அளவில் சுவரில் மாட்டுவதற்கு வரைந்த படத்தை ஏ5 நூலுக்குக் குறைத்தால் நீளம் நான்கில் ஒரு பங்காகும். தடிப்பும் குறைந்தால் அரை மில்லிமீட்டர்க் கோடு 0.125 மி.மீ. ஆகும், கால் மில்லிமீட்டர்க் கோடு கால் பாயிண்டுக்கும் கீழே போய்விடும். தடிப்பு குறையாவிட்டால் நெருங்கிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கரும்பட்டையாகும். இரண்டில் எதுவும் எப்போதும் சரியன்று. குறைத்த பின் மெல்லிய கோடுகளை மட்டும் தேர்ந்து தடிப்பைக் கூட்டுவதே நடைமுறைக்கு உகந்தது. நான்கு மடங்கு குறைக்க வேண்டிய படத்தில் சிற்றோடைகளையும் கிராமச் சாலைகளையும் நீக்கிவிடுவது இன்னும் நன்று.

எழுத்துக்கு வெளிக்கோடு

நிலப்படத்தின் மீது ஊர்ப்பெயர்களை எழுதும்போது பின்னணியிலிருந்து பிரித்துக் காட்ட வெள்ளை வெளிக்கோடு இடுவதுண்டு. வழக்கமான வரிசையில் முதலில் நிரப்பும் அதன் மேல் வெளிக்கோடும் பூசப்படுவதால், கோட்டின் உட்பாதி எழுத்தையே தின்றுவிடும். ஆங்கில எழுத்து இதை ஓரளவு தாங்கும். ண, ஞ, இ போன்ற சுழியுடைய தமிழ் எழுத்துகளில் மெல்லிய சுழிகள் மறைந்து ஊரின் பெயரே மாறிவிடும். மூன்றாம் பிரிவின் அடிப்பகுதியில் பூச்சு வரிசை என்னும் தேர்வு உள்ளது. அதில் வெளிக்கோடு கீழும் நிரப்பு மேலும் வருமாறு அமைத்தால் எழுத்து முழுமையாக நின்று, சுற்றிலும் மட்டும் வெண்மை தெரியும். கோரல்டிராவில் இதுவே நிரப்புக்குப் பின்னால் என்னும் தேர்வாக உள்ளது.

கோப்பை வெளியே அனுப்பும்போது

அச்சகத்திலுள்ள மென்பொருள் வேறாக இருப்பின், நாம் அமைத்த இடைவெளியும் அம்புக்குறியும் அங்கே திரிந்து போகக்கூடும். பிடிஎஃப் கோப்பாக அனுப்புவது பெரும்பாலும் போதுமானது. அறிவிப்புப் பலகைக்கான வெட்டு இயந்திரத்துக்கு அனுப்புவதாயின், பாதையையே இயந்திரம் பின்பற்றி வெட்டும்; தடிப்பை அது கண்டுகொள்ளாது. ஐந்து மில்லிமீட்டர் அகலத்தில் வரைந்த அம்பு அங்கே ஒற்றைக் கீறலாகவே வரும். இதற்கென வெளிக்கோட்டைப் பாதையாக மாற்றும் கட்டளை பாதைப் பட்டியலில் உள்ளது. அதை இட்டவுடன் கோடு ஒரு மூடிய உருவமாகி, தடிப்பு அதன் அகலமாகிவிடும். மாற்றியபின் தடிப்பையோ முனையையோ திருத்த இயலாது. ஆதலால் மாற்றுவதற்கு முன் மூலக்கோப்பை வேறு பெயரில் சேமித்து, அதில் பயன்படுத்திய தடிப்புகளையும் இடைவெளி எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கோப்புடன் வைத்திருத்தல் வேண்டும். அடுத்த ஆண்டு அதே வரைபடத்தில் ஒரு புள்ளியைச் சேர்க்க வரும் உதவியாளர் வேறொருவராக இருப்பார்.